பச்சைத் திரை வந்த வழி: 3270 முதல் டி.என்.3270 வரை

பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு மாடி அறையில் அண்ணன் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மெயின்ஃப்ரேமைப் பராமரிப்பது அவருக்கு வேலை. எட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. மவுஸ் அம்பு ஒன்று இருந்தது, ஆனால் அதற்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

"என்னண்ணே, டாஸ் கத்துக்கிறீங்களா?" என்றேன்.

"போடா. இது சித்தப்பா பிறந்த வருஷம் வந்த ஸ்கிரீன்டா" என்று சொல்லிவிட்டு எண்டர் தட்டினார். திரையின் அடியில் ஒரு பெருக்கல் குறியும் பக்கத்தில் குட்டிக் கடிகாரமும் வந்தன. நான் சும்மா இருக்காமல் ஏதோ ஒரு கீயை அழுத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "அது இருக்கிறப்ப கீபோர்டு நம்மது இல்ல."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இரண்டு வாரம் தேட வைத்தது. கீபோர்டு நம்முடையது இல்லை என்றால் வேறு யாருடையது?

நான் பி.காம். படிக்கிறவன். பிட், பைட் எல்லாம் எனக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் தோண்டத் தோண்ட, இந்தக் கதையில் பாதி என் பாடம்தான் என்று தெரிந்தது. கம்பிக்கு வாடகை எவ்வளவு, இயந்திர நேரத்துக்கு விலை எவ்வளவு, குமாஸ்தா காத்திருக்கும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? இந்தக் கேள்விகள்தான் இதன் அடியில் ஓடுகின்றன. தொழில்நுட்பப் பிழை இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் திருத்துங்கள், திட்டாதீர்கள் :-)

கணக்கு இயந்திரத்தைத் தூரத்தில் இருந்து இயக்குவது, இன்று நாம் கம்ப்யூட்டர் என்று சொல்லும் பொருள் முழுதாகப் பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. 1940 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் ஹானோவர் என்ற சின்ன ஊரில், டார்ட்மத் கல்லூரியில், கணித அறிஞர்கள் கூட்டம். பெல் லேப்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், டெலிபோன் ரிலேக்களால் கட்டிய கணக்கு இயந்திரத்தை நியூயார்க்கிலேயே விட்டுவிட்டு, ஒரு டெலிடைப்பை மட்டும் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். வந்திருந்தவர்கள் அதில் கணக்கைத் தட்டினார்கள், கம்பி வழியாக விடை திரும்பி வந்தது. பின்னாளில் எனியாக் கட்டிய இருவரில் ஒருவரான ஜான் மாக்லி அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் தாண்டியும் தூரத்து டெர்மினல் என்றால் பெரும்பாலும் இதே டெலிடைப்தான். 1960-களில் பல்கலைக்கழகங்களில் பரவலாக இருந்த மாடல் 33, வினாடிக்கு 10 எழுத்து அடிக்கும். பல அமைப்புகளில் நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டினால் அது கம்பியில் ஓடி, கம்ப்யூட்டரைப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து திரும்பி வந்துதான் உங்கள் காகிதத்தில் விழும். ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டர் தன் வேலையை நிறுத்தி "என்னப்பா?" என்று கேட்க வேண்டும். முப்பது மாணவர்கள் உள்ள கல்லூரிக்கு இது சரி. நூற்றுக்கணக்கான கிளைகளில் ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களை உட்கார வைத்திருக்கும் வங்கிக்கு? கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெயின்ஃப்ரேம், யாரோ ஒருவர் பெயரைத் தப்பாக அடித்து அழித்துத் திருத்துவதைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழிக்கும்.

ஐ.பி.எம். இதற்குக் கண்ட விடைதான் 1971-ல் வந்த 3270 குடும்பம். 3277 என்பது திரை. அதற்குப் பக்கபலமாக ஒரு கன்ட்ரோலர் பெட்டி, ஒரு பெட்டியில் 32 டெர்மினல் வரை மாட்டலாம். திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து, ஆக 1920 எழுத்து. (80 என்ற எண் பஞ்ச் கார்டில் இருந்து வந்த பரம்பரைச் சொத்து.)

இதன் யோசனையைப் புரிந்துகொள்ள வங்கிச் செலானை நினைத்துக்கொண்டால் போதும். மெயின்ஃப்ரேம் ஒரு காலிப் படிவத்தை அனுப்புகிறது. "கணக்கு எண்", "தொகை" என்ற அச்சடித்த வார்த்தைகள் பூட்டிய இடங்கள், கர்சர் அங்கே போனாலும் எழுத முடியாது. அவற்றுக்குப் பக்கத்தில் இருப்பவை திறந்த இடங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து நிற்கும். பூட்டியதா திறந்ததா, எண் மட்டுமா, பளிச்சென்று காட்டவா, காட்டவே கூடாதா என்று அதுதான் சொல்லும். குமாஸ்தா தட்டுகிறார், அழிக்கிறார், டாப் அடித்து அடுத்த இடத்துக்குப் போகிறார். இது எதுவும் மெயின்ஃப்ரேமுக்குத் தெரியாது, எல்லாம் டெர்மினலுக்கும் கன்ட்ரோலருக்கும் உள்ளேயே முடிந்துவிடுகிறது. எண்டர் தட்டினதும்தான் கீபோர்டு பூட்டிக்கொள்கிறது, எந்த இடங்களில் கை வைத்தாரோ அவை மட்டும் கம்பியில் போகின்றன. பதில் வந்து மெயின்ஃப்ரேம் பூட்டைத் திறக்கும் வரை கீபோர்டு அதனுடையது. அண்ணன் என் கையைத் தட்டிவிட்டதற்குக் காரணம் இதுதான்.

இதில் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு 4800 பிட் ஓடும் வாடகைக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். எழுத்துக்கு 8 பிட் என்றால் வினாடிக்கு 600 எழுத்து. முழுத்திரை 1920 எழுத்தையும் திருப்பி அனுப்பினால் மூன்று வினாடிக்கு மேல். கணக்கு எண்ணும் தொகையும் சேர்த்து 20 எழுத்து மட்டும் அனுப்பினால், கூட வரும் முகவரி, குறியீடு எல்லாம் சேர்த்தும் பத்தில் ஒரு வினாடிகூட ஆகாது. அதே கம்பியில் பல கன்ட்ரோலர்களைக் கோர்த்து, வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பதுபோல் "உன்னிடம் ஏதாவது இருக்கா, உன்னிடம் இருக்கா" என்று மெயின்ஃப்ரேம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். ஒரு கம்பி வாடகையை ஒரு ஊரே பங்கு போட்டுக்கொண்டது.

மெயின்ஃப்ரேமுக்குள்ளும் இதே சிக்கனம். 1969-ல் இருந்து ஐ.பி.எம். விற்ற சிக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு பழக்கம் வேரூன்றியது. படிவத்தை அனுப்பியதும் நிரல் முடிந்துபோய்விடும். குமாஸ்தா டீ குடித்துவிட்டு வந்து எண்டர் தட்டும்போது, விட்ட இடத்தைக் குறித்துவைத்த சின்னச் சீட்டோடு அது மறுபடி எழும். நடுவில் நினைவகத்தில் இடம் பிடிக்காது. இணையத்தில் படிவம் நிரப்பி "சமர்ப்பி" அழுத்துகிறோமே, அந்த நடைக்கும் இதற்கும் இருபது வருட இடைவெளிதான், உருவம் ஒன்றே.

இந்த இடத்தில் பலருக்கு நம் ரயில்வே முன்பதிவுக் கவுண்டர் ஞாபகம் வரும். அது வேறு குடும்பம். 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போய்விட்டது. 1986-ல் டெல்லியில் தொடங்கிய கம்ப்யூட்டர் முன்பதிவு, டிஜிட்டல் கம்பெனியின் வாக்ஸ் இயந்திரங்களில் ஓடியது. 3270 ஊறிப்போனது அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளிலும் இன்சூரன்ஸ் கம்பெனிகளிலும் அரசு அலுவலகங்களிலும்தான்.

1974 செப்டம்பரில் ஐ.பி.எம். இந்தக் கம்பி விவகாரம் முழுவதையும் எஸ்.என்.ஏ. என்ற ஒரே கட்டமைப்புக்குள் கொண்டுவந்தது. கூட்டுக்குடும்பம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் மெயின்ஃப்ரேம், கீழே கம்பிகளைக் கவனிக்கும் தனிக் கணிப்பொறி, அதன் கீழ் கன்ட்ரோலர்கள், கடைசியில் டெர்மினல்கள். தாத்தாவுக்குத் தெரியாமல் யாரும் யாரோடும் பேச முடியாது. ஒவ்வொரு டெர்மினலுக்கும் எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர் உண்டு, அதை எல்.யூ. பெயர் என்பார்கள். புதிதாக ஒரு மேசை போட வேண்டுமா? மெயின்ஃப்ரேமில் அந்தப் பெயரை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எரிச்சலான ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு பலன் இருந்தது: எந்தப் பெயர் எந்தக் கிளையில் எந்த மேசை என்பது எழுத்தில் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே காலத்தில் இன்னொரு வலை, நேர் எதிர் குணத்தோடு வளர்ந்துகொண்டிருந்தது. ஆர்ப்பாநெட். 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலஸ் யு.சி.எல்.ஏ.-வில் இருந்து சார்லி க்ளைன் என்ற மாணவர் தூரத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தார். "லாகின்" என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கம் படுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் முழுதாக நுழைய முடிந்தது. ஆக, இணையத்தின் தாய் வலையில் போன முதல் செய்தியே தூரத்துக் கம்ப்யூட்டரைத் திறக்கும் முயற்சிதான்.

ஆர்ப்பாநெட்டில் ஒவ்வொரு இயந்திரமும் ஒரு ஜாதி. சாண்டா பார்பராவில் ஐ.பி.எம். 360/75, யூட்டாவில் பி.டி.பி.-10. எல்லா டெர்மினலும் எல்லா இயந்திரத்தோடும் பேச, டெல்நெட் என்ற நெறிமுறையை 1969-ல் இருந்தே எழுதத் தொடங்கினார்கள். அதன் மையத்தில் ஒரு கற்பனை டெர்மினல் இருக்கிறது. அது ஏறக்குறைய நம் டெலிடைப்தான். இரண்டு பக்கமும் முதலில் அந்தக் கற்பனை டெர்மினல் மாதிரி பேச ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வசதி வேண்டுமென்றால் பேரம் பேசலாம்: "நான் இதைச் செய்கிறேன்", "நீ செய்", "மாட்டேன்", "வேண்டாம்". நான்கே சொற்கள். 1983 மே மாதம் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் ஆர்.எஃப்.சி. 854 என்ற ஆவணத்தில் இதை முடித்து வைத்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று: "மாட்டேன்" என்ற பதிலை எப்போதும் மதிக்க வேண்டும், யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. எஸ்.என்.ஏ. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ஒழுங்கீனமாகத் தெரிந்திருக்கும்.

இப்போது சிக்கல். டெல்நெட் எழுத்தெழுத்தாகப் பேசும், 3270 திரைதிரையாகப் பேசும். டெல்நெட்டின் எழுத்து முறை ஆஸ்கி, அதில் பெரிய ஏ எழுத்துக்கு எண் 65. ஐ.பி.எம்.-மின் எப்சிடிக்கில் அதே எழுத்துக்கு 193. டெல்நெட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம், 3270-ல் ஒருவர் பேசினால் மற்றவர் வாய் மூட வேண்டும். 1980-களில் பல்கலைக்கழகங்களில் யூனிக்ஸ் இயந்திரமும் இருந்தது, ஐ.பி.எம். மெயின்ஃப்ரேமும் இருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் இருந்து பயன்படுத்த வேண்டும்.

நிறுவனங்களில் முதலில் வந்த தீர்வு வேறு. 1982-ல் டி.சி.ஏ. என்ற அமெரிக்கக் கம்பெனி இர்மா என்ற அட்டையை விற்றது. ஐ.பி.எம். பி.சி.-க்குள் அதைச் சொருகி, 3270 கேபிளை மாட்டினால் பி.சி. ஒரு டெர்மினலாக நடிக்கும். மெயின்ஃப்ரேமுக்கு வித்தியாசம் தெரியாது. நடிப்பு கைகூடியதும் அடுத்த யோசனை தானாக வந்தது: மனுஷன் எதற்குத் திரையைப் படிக்க வேண்டும்? ஐந்தாம் வரி, இருபதாம் இடத்தில் இருக்கும் எழுத்துகளைப் பி.சி. நிரலே படித்து, எண்டரும் தானே தட்டிக்கொள்ளலாமே. இதற்குத் திரைச் சுரண்டல் என்று பெயர். இன்று ரோபோட் ஆட்டோமேஷன் என்று கோட்டுப் போட்டு விற்பதில் ஒரு பங்கு இந்தப் பழைய சுரண்டல்தான்.

டெல்நெட் வழித் தீர்வுதான் டி.என்.3270. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிரெக் மின்ஷால் எழுதிய அந்தப் பெயருள்ள நிரல், பெர்க்லி யூனிக்ஸோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனது. தந்திரம் எளிமையானது, புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே டெல்நெட்டில் கிடந்த மூன்று பேரங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். முதலாவது டெர்மினல் வகை: "நீ யார்?" என்று மெயின்ஃப்ரேம் கேட்டால் "ஐ.பி.எம்.-3278-2" என்று பதில். இரண்டாவது பைனரி: இனி போவது ஆஸ்கி எழுத்து இல்லை, வெறும் பைட், கை வைக்காதே. மூன்றாவது பதிவு முடிவு: ஒரு திரை முடிந்ததும் 255, 239 என்று இரண்டு பைட் அனுப்பு. இந்த மூன்றுக்கும் இரண்டு பக்கமும் சரி என்றால், அதற்குப் பிறகு கம்பியில் ஓடுவது அச்சு அசல் 3270 பேச்சு. (திரைக்குள்ளேயே 255 என்ற பைட் வந்தால்? அதை இரண்டு தடவை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.)

வரலாற்று மாணவனாக நான் ரசித்தது இதற்கு அடுத்த பகுதி. இது என்ன ஒட்டுப்போட்ட வேலை, முறையாகச் செய்வோம் என்று 1988 ஜனவரியில் ஐ.பி.எம்.-மின் யாக்கோவ் ரெக்டர், 3270-க்கென்றே தனிப் பேரம் ஒன்றை ஆர்.எஃப்.சி. 1041-ல் முன்வைத்தார். 3270-ஐச் செய்த கம்பெனியின் ஆளே எழுதியது. ஆனால் அதைச் செயல்படுத்தியவர்கள் மிகச் சிலர். ஊரெல்லாம் ஒட்டுப்போட்டதுதான் ஓடியது. கடைசியில் 1994 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 1576 வந்தது. தலைப்பே "இப்போதைய நடைமுறைகள்" என்ற பொருளில்தான் இருக்கும். சட்டம் போடாமல் ஊர்வழக்கத்தை எழுதிவைத்த ஆவணம். எழுதியவர் ஜான் பென்னர், இர்மா அட்டை விற்ற அதே டி.சி.ஏ. கம்பெனிக்காரர்.

1990-களில் நிறுவனங்களுக்குள் டி.சி.பி./ஐ.பி. பரவியபோது, எஸ்.என்.ஏ.-வுக்கு ஒரு வலை, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு வலை என்று இரட்டைச் செலவு செய்ய யாருக்கும் மனமில்லை. கனமான டெர்மினல்கள் போயின, பி.சி.-யில் ஒரு ஜன்னலாக டி.என்.3270 வந்தது. அப்போதுதான் எதைத் தொலைத்தோம் என்று தெரிந்தது. ஞாபகம் வைக்கச் சொன்னேனே, எல்.யூ. பெயர், அதைத்தான்.

பழைய நிரல்கள் அந்தப் பெயரை நம்பியே எழுதப்பட்டிருந்தன. இந்தப் பெயர் என்றால் இன்ன கிளை, இவருக்கு இந்த மெனு காட்டு, ரசீதை இந்தப் பிரிண்டருக்கு அனுப்பு என்று எல்லாம் அதை வைத்துத்தான். டி.என்.3270-ல் வந்தவருக்கோ, கையில் கிடைத்த ஏதோ ஒரு பெயரைக் கொடுத்து உள்ளே விடுவார்கள். காலையில் ஒரு பெயர், மதியம் வேறு பெயர். பிரிண்டருக்கு வழியே இல்லை. இதைச் சரிசெய்ய ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்து பி. கெல்லி எழுதியதுதான் டி.என்.3270ஈ, முதலில் 1994-லும் திருத்தி 1998-ல் ஆர்.எஃப்.சி. 2355 ஆகவும் வந்தது. அதில் வருகிறவர் "எனக்கு இந்தப் பெயர்தான் வேண்டும்" என்று கேட்கலாம், தன் திரையோடு ஒரு பிரிண்டரைச் சேர்த்துக்கொள்ளலாம், "அச்சாகிவிட்டது" என்று ஒப்புதலும் அனுப்பலாம்.

ஆனால் கவனியுங்கள், "கேட்கலாம்". முன்பு அந்தப் பெயர், சுவரில் பதித்த கேபிளின் நுனியில் இருந்த மேசைக்குச் சொந்தம். இப்போது அது கேட்பவர் சொல்லும் ஒரு சொல். கேட்பவர் யார் என்று சரிபார்ப்பது தனி வேலை, அதைச் செய்யாத இடத்தில் பெயருக்கு அர்த்தம் இல்லை. டெல்நெட்டுக்குச் சொந்தமாக மறைகுறி எதுவும் கிடையாது. கடவுச்சொல் எப்சிடிக்கில் போனது, அதாவது மொழி தெரியாதவருக்கு மட்டும் ரகசியம். பின்னால் டி.எல்.எஸ். உறை போட்டு, பெரும்பாலும் 992-ஆம் எண் வாசலில் அனுப்பும் வழக்கம் வந்தது.

உறை போட்டாலும் தீராத ஒன்று இருக்கிறது. பூட்டிய இடம், காட்டக் கூடாத இடம் என்று சொன்னேன் அல்லவா? 1971-ல் அந்தப் பூட்டு இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. குமாஸ்தா அதைத் திறக்க முடியாது. அந்தத் தைரியத்தில் சில நிரல் எழுதுபவர்கள், ஊழியர் பார்க்கக் கூடாத விஷயத்தைக்கூட மறைந்த இடத்தில் வைத்து அனுப்பினார்கள். பூட்டிய இடத்தில் இருந்து திரும்பி வருவது தான் அனுப்பியதுதான் என்று நம்பினார்கள். இன்று டெர்மினல் என்பது லேப்டாப்பில் ஓடும் ஒரு மென்பொருள். "இது பூட்டு" என்று மெயின்ஃப்ரேம் சொல்வதை மதிப்பதா வேண்டாமா என்பது அந்த மென்பொருளின் நல்ல மனசைப் பொறுத்தது. 2010-களில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள்: மறைந்ததைக் காட்டு, பூட்டியதைத் திற, மாற்றித் திருப்பி அனுப்பு. நெறிமுறையில் ஒரு பைட்கூடத் தப்பு இல்லை. தணிக்கைப் பாடத்தில் உள்கட்டுப்பாடு என்று படிக்கிறோமே, அதில் ஒரு கட்டுப்பாடு டெர்மினலின் இரும்பில் இருந்திருக்கிறது. இரும்பை மாற்றியபோது, அதையும் சேர்த்துத்தான் மாற்றுகிறோம் என்று எத்தனை தணிக்கையாளர்கள் குறித்து வைத்திருப்பார்கள்? என் பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். நுழைவுத் திரையின் மூலையில் எட்டு எழுத்தில் ஏதாவது பெயர் இருக்கா என்று கேட்டேன்.

"இருக்கு. எல்.யூ. பேரு."

"எந்த ஊர் மேசைண்ணே அது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தெரியலடா. நான் சேர்றப்பவே இந்தப் பேருதான் இருந்துச்சு."